‘அடி’ நமதென்று யார் சொன்னது?

வீடு கட்டத் தொடங்கிய ஒருவரின் கையிலுள்ள தாள்களை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். பட்டாவில் நிலம் எக்டேரிலும் ஏரிலும் இருக்கும். விற்பனை ஆவணத்தில் அதே நிலம் செண்டு ஆகிவிடும். மனை விற்றவன் அதனைக் ‘கிரவுண்டு’ என்றிருப்பான். ஒப்புதல் பெற்ற வரைபடம் மீட்டரில் இருக்கும். ஒப்பந்தக்காரர் விலை பேசுவதோ சதுர அடியில். கம்பி கட்டுவோர் வாயில் வழங்குவது நூற்கணக்கு. மணல் வந்திறங்குவது யூனிட்டில். ஒரே வீடு, ஏழு அளவுகள்! இது கட்டுமானமா, கண்கட்டு வித்தையா?

சட்டம் இல்லாமலா இக்குழப்பம்? 1956-ஆம் ஆண்டிலேயே இந்திய அரசு மீட்டர் அளவைச் சட்டமாக்கியது. 2009-இல் இயற்றிய அளவைச் சட்டம் 2011 ஏப்பிரல் முதல் நடைமுறைக்கு வந்தது. 2016-ஆம் ஆண்டின் மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டம், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைத் திட்டங்களைப் பதிவு செய்யப் பணிக்கின்றது. ஆனால் 2024-இல் தமிழக அரசு எளிய கட்டட ஒப்புதல் திட்டத்தை அறிவித்தபோது, 2,500 சதுர அடி மனை, 3,500 சதுர அடி வீடு என்றே மக்களுக்குச் சொல்லிற்று. சட்டம் எழுதும் கை மீட்டரில் எழுதுகிறது. திட்டம் அறிவிக்கும் வாய் அடியிற் பேசுகிறது! கைக்கும் வாய்க்கும் இடையில் அகப்பட்டு நசுங்குபவன் யார்? வாழ்நாள் உழைப்பையெல்லாம் நான்கு சுவர்களில் கொட்டும் ஏழைத் தமிழனே!

கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் என்பது 10.764 சதுர அடி. ‘மீட்டருக்கு மூன்றேகால் அடி’ என்பார் ஒருவர், ‘3.3 அடி’ என்பார் இன்னொருவர். நூறு சதுர மீட்டர் வீட்டின் உண்மைப் பரப்பு 1,076 சதுர அடி. 3.3 என்று பெருக்கினால் அது 1,089 ஆகிவிடும். சதுர அடிக்கு 2,000 உருபா என்று வைத்துக்கொண்டாலும் 25,000 உருபாவுக்கு மேல் காற்றில் கட்டிய பரப்புக்குக் கொடுத்ததாகும்.

பணம் போனாற் போகட்டும், உறுதி என்னாவது? நான்கு நூல் கம்பி என்றால் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. இன்று அப்பெயரில் வந்திறங்குவது 12 மி.மீ. கம்பி. குறுக்குவெட்டில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இரும்பு குறைவு! பொறியாளர் 12 மி.மீ. என்றே கணக்கிட்டிருந்தால் தீங்கில்லை. பழைய நூற்கணக்கை நம்பிக் கட்டியிருந்தால் கூரை எவர் தலைமேல்? சுவரும் அப்படியே. இந்தியத் தரத்தின் முறைமைச் செங்கல் 190 × 90 × 90 மி.மீ.; காரையோடு சேர்த்துச் சுவர் 200 மி.மீ. நம் சூளைகளிலோ இன்றும் ஒன்பது அங்குலக் கல். வரைபடம் 200 என்றிருக்க, கல் 230-ஆய் எழும்பினால், ஒவ்வொரு சுவரும் மூன்று செண்டிமீட்டர் அறையை விழுங்கிவிடும்.

இனி நம்மவர்க்கும் ஒரு சொல். “மீட்டர் அயற்சொல், அடி தமிழ்ச்சொல், ஆகவே அடியையே காப்போம்” என்பார் நம்மிடையேயும் உளர். ‘அடி’ என்னும் சொல் நமதுதான். அதனுள் அடைத்து வைத்த நீளம் ஆங்கிலேயனுடையது! ‘நூல்’ நற்றமிழே, அதன் அளவோ ஆங்கில அங்குலத்தின் எட்டிலொரு பங்கு. ‘அங்குலம்’ என்னும் பெயர் வடமொழி. செண்டும் கிரவுண்டும் பச்சை ஆங்கிலம். அந்த ஆங்கில அடியும் இன்று தன் காலில் நிற்கவில்லை. 1959-இல் ஆங்கிலம் பேசும் நாடுகளே கூடி, ஓரடி 0.3048 மீட்டர் என்று வரையறுத்துவிட்டன. ஆண்டவனே கைவிட்ட கோலை அடிமைப்பட்டவன் கட்டி அழுவதா?

நம் முன்னோர் அளவை எப்படிப் போற்றினர்? கோல்கள் பல இருந்தன. பன்னிரு சாண் கோலும் உண்டு, பதினாறு சாண் கோலும் உண்டு. ஆனால் சோழர் காலக் கோயில்கள் சிலவற்றின் சுவரில் நிலமளந்த கோலின் நீளத்தைக் கல்லிலேயே பொறித்து வைத்தனர். ஐயுற்றவன் எவனும் சென்று அளந்து பார்க்கலாம். அளவு ஊரறிந்த உடைமையாய் இருந்தது; ஒப்பந்தக்காரன் மடியிலிருக்கும் மறைபொருளாய் இருந்ததில்லை. மீட்டரும் அத்தகைய அறத்திற் பிறந்ததே. ஊருக்கோர் அளவு வைத்து உழவனை ஏய்த்த கொடுமைக்கு மாற்றாகவே பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அது உருவாயிற்று.

ஆதலின் நாம் கேட்பது இதுவே. பட்டா முதல் பற்றுச்சீட்டு வரை அளவு ஒன்றாதல் வேண்டும். அது மீட்டராதல் வேண்டும். தாள்கள் அனைத்தும் தமிழில் இருத்தல் வேண்டும். அரசு செய்யும் வரை காத்திராதீர். ஒப்பந்தத்தைச் சதுர மீட்டரில் எழுதி ஒப்பமிடச் சொல்லுங்கள். கம்பியை நூலென்று வாங்காதீர், 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 0.89 கிலோ இருக்கின்றதா என நிறுத்து வாங்குங்கள். மீட்டர் நாடா ஒன்றை உங்கள் கையிலேயே வைத்திருங்கள்.

அளவறியாதவன் கட்டிய வீட்டில் முதலிற் குடியேறுவது ஏமாற்றமே. கோலை நம் கையில் எடுப்போம்!