தோட்டத்து வாசலும் சனிக்கிழமை இரவும்

போர்ட் கிள்ளான் பக்கம் சனிக்கிழமை இரவுகளில் ஆணும் பெண்ணுமாக இளையோர் கூடிப் பேசுவதைப் பார்த்து, “நம்ம வழக்கமே கெட்டுப்போச்சு” என்று முணுமுணுப்பவர்கள் எந்தக் கல்யாணப் பந்தியிலும் உண்டு. அந்த வழக்கம் எப்போது வந்தது என்று கேட்டால்தான் சிக்கல்.

1901இல் இந்தத் துறைமுகம் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறந்தபோது, மலாயா இந்தியரில் ஆயிரம் ஆண்களுக்கு 171 பெண்கள்தான். முப்பது ஆண்டு கழித்தும் அது ஐந்நூறை எட்டவில்லை. பெண் பார்த்து, பரிசம் போட்டு, தாய்மாமன் முன்நின்று நடத்தும் கல்யாணம் இந்தக் கணக்கில் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கும்? முடிந்தவன் கப்பலேறி ஊருக்குப் போய்க் கட்டிக்கொண்டு வந்தான். மற்றவர்களில் பலர் தோட்டத்து லயத்தில் தனிக்கட்டையாகவே காலம் தள்ளினார்கள். அவர்களுக்கு மாலைப் பொழுது என்றால் கள்ளுக்கடை.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தைக் கூலிப் போராட்டமாகவே நினைவில் வைத்திருக்கிறோம். கோரிக்கைகளைப் பாருங்கள்: உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும், பெண் தொழிலாளரிடம் அத்துமீறக் கூடாது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும், தோட்டத்து வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கச் சொல்லக் கூடாது. ஒருவர் வீட்டுக்கு யார் வரலாம் என்பதையே துரை முடிவு செய்த காலம் அது. பதிலுக்குப் படை வந்தது, தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்தார்கள், நாதன் நாடு கடத்தப்பட்டார்.

துரை போனபின், யார் வரலாம் என்று முடிவு செய்யும் அந்த வாசலில் நம் குடும்பங்கள் வந்து நின்றுகொண்டன. தரகர், சாதகம், நாளிதழ் மணமக்கள் விளம்பரம் எல்லாம் ஊன்றியது ஆண் பெண் எண்ணிக்கை ஓரளவு சமமான பிறகுதான். முஸ்லிமல்லாதாருக்குத் திருமணப் பதிவையும் ஒருதார மணத்தையும் கட்டாயமாக்கிய சட்டம் நடப்புக்கு வந்ததே 1982 மார்ச்சில். ஆக, நாம் தொன்மை என்று கொண்டாடுவதற்கு இங்கே வயது அதிகமில்லை.

இப்போது பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையும் கிள்ளான் பப்பும் கைபேசிச் செயலியும் தரகர் வேலையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. பப்பை நான் மெச்சவில்லை; அந்த இரைச்சலில் பெயரைக்கூட இரண்டு முறை கத்திச் சொல்ல வேண்டும். குடித்தால்தான் அறிமுகம் என்பதும் நல்லதல்ல. ஆனால் அங்கே ஒரு பெண் தன் சம்பளத்தில் வருகிறாள், பிடிக்காவிட்டால் எழுந்து போகிறாள். லயத்துப் பாட்டிக்கு அது வாய்க்கவில்லை.

கோயில் நிர்வாகத்தினருக்கு ஒரு வேண்டுகோள். முகூர்த்தம் இல்லாத சனிக்கிழமை மாலைகளில் உங்கள் மண்டபங்களை இளையோருக்குத் திறந்து விடுங்கள். தேநீரும் நாற்காலியும் போதும். வாசலில் நின்று யார் மகன், யார் மகள், என்ன சாதி என்று மட்டும் விசாரிக்காதீர்கள்.