கூலிக் கணக்கில் குடித்தனம் எங்கே?

மும்பைக்குப் போனவன் பட்டினி கிடக்கமாட்டான் என்று நெல்லைச் சீமையில் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். உண்மைதான். தாராவியில் வந்து இறங்கினால் தோல் பட்டறையோ, தையல் கூடமோ, இட்லி வியாபாரமோ, ஏதோ ஒன்றில் வேலை கிடைத்துவிடுகிறது. படுக்க அந்தப் பட்டறையின் தரையும் கிடைத்துவிடுகிறது. தனி ஆள் பிழைத்துக்கொள்ளலாம். அந்த ஆள் மணம் முடித்து, மனைவியை அழைத்து வந்து, பெற்ற பிள்ளைகளைத் தன் கண்முன்னால் வளர்க்க வேண்டும் என்று ஆசைப்படும்போதுதான் இந்த மாநகரம் கதவைச் சாத்துகிறது.

ஆண்டுதோறும் சூன் மாதத்தில் இதைப் பார்க்கிறோம். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போன குடும்பங்களில் சில திரும்பி வருவதில்லை. ஆண்மகன் மட்டும் வண்டியேறி வருகிறார். கேட்டால், "பிள்ளைகளை அங்கேயே பள்ளிக்கூடத்தில் போட்டாச்சு, அம்மாவும் தனியா இருக்காங்க" என்கிறார். அம்மா ஐந்தாண்டுகளாகத் தனியாகத்தான் இருக்கிறார். மெய்யான காரணம் அதுவன்று. பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்துவிட்டது, வீட்டுக்காரர் வாடகையை உயர்த்திவிட்டார், கட்ட முடியவில்லை. இதை வெளியே சொல்ல வெட்கப்படுகிறார். வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லவே இத்தலையங்கம்.

சிக்கனமாக இருங்கள் என்று அறிவுரை சொல்லப் பலர் இருக்கிறார்கள். தேநீரைக் குறை, சினிமாவை விடு, ஊர்க் கொடைக்கு வரி எழுதாதே என்கிறார்கள். நம் வீடுகளில் இதற்கு மேலும் சிக்கனம் பிடிக்க என்ன மிச்சமிருக்கிறது? ஒரு தேங்காய் மூடியை இரண்டு நாள் வைத்திருந்து அரைக்கிற பெண்களுக்கா சிக்கனம் சொல்லிக்கொடுப்பது? வரவு செலவுப் புத்தகத்தில் ஓட்டை இருப்பது நம் பக்கத்தில் இல்லை. கூலியைக் கணக்கிட்டவர்களின் புத்தகத்தில் இருக்கிறது. அதைச் சற்று விரித்தே பார்ப்போம்.

ஒரு தொழிலாளிக்குக் குறைந்த அளவு எவ்வளவு கூலி வேண்டும் என்பதற்கு இந்நாட்டில் ஓர் இலக்கணம் வகுக்கப்பட்டது 1957ஆம் ஆண்டில், 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில். ஒருவர் கூலியில் உண்ண வேண்டியவர்கள் மூன்று 'நுகர்வு அலகு'. உழைப்பவருக்கு ஒன்று, மனைவிக்கு 0.8, இரண்டு பிள்ளைகளுக்கு 0.6 வீதம். (மனைவி ஐந்தில் நான்கு பங்குதான் உண்பாள் என்று எந்த அடுக்களையில் அளந்தார்களோ!) ஆளுக்கு 2,700 கலோரி என்ற உணவளவு, நம் குன்னூரிலிருந்த ஊட்ட ஆராய்ச்சிக் கூடத்தின் இயக்குநராய் இருந்த டாக்டர் அய்க்ராய்டின் கணக்கு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெசம் துணி. எரிபொருள், விளக்கு முதலியவற்றுக்கு 20 விழுக்காடு. வீட்டு வாடகைக்கு, அரசின் தொழிலாளர் வீட்டு வசதித் திட்டத்தில் தரப்படும் மிகச் சிறிய வீட்டின் வாடகை. மனைவியின் சம்பாத்தியத்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்றும் மாநாடு சொன்னது. 1991இல் ரெப்டகோஸ் பிரெட் வழக்கில் உச்ச நீதிமன்றம், கல்வி, மருத்துவம், முதுமை, திருமணம் ஆகியவற்றுக்கு இன்னொரு 25 விழுக்காடு சேர்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

ஆக, ஒரு கூலியில் ஒரு குடும்பம் சேர்ந்து வாழ வேண்டும் என்பதே இக்கணக்கின் அடிப்படை. நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை. அவர்களே எழுதி வைத்ததைத்தான் கேட்கிறோம்.

இப்போது என்ன நடந்திருக்கிறது? 2019இல் ஊதியச் சட்டத் தொகுப்பு நிறைவேறியது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் மத்திய அரசு 2020இல் வெளியிட்ட வரைவு விதிகளில் அதே நான்கு பேர் குடும்பம், அதே 2,700 கலோரி, கெசத்துக்குப் பதில் 66 மீட்டர் துணி. எல்லாம் பழையபடியே. வாடகைக்கு மட்டும் ஒரு வரி: உணவுக்கும் துணிக்கும் ஆகும் செலவில் பத்து விழுக்காடு! 1957இல் வாடகை என்றால் அதற்குப் பின்னால் சுவரும் கூரையும் உள்ள ஒரு வீடு இருந்தது. இப்போது இருப்பது வெறும் பின்னம்.

ஒரு கணக்குப் போடுவோம். நான்கு பேர் உணவுக்கு மாதம் ரூ.12,000, துணிக்கு ரூ.1,000 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 13,000. அதில் பத்து விழுக்காடு வாடகை ரூ.1,300. எரிபொருளுக்கு 20 விழுக்காடும், கல்வி மருத்துவத்துக்கு 25 விழுக்காடும் மொத்தக் கூலியில் எடுத்துக்கொண்டால் கூலி ரூ.26,000 என்று வருகிறது. மத்தியத் தொழிற்சங்கங்கள் கேட்டுவரும் தொகையும் இதுவே. இந்த 26,000 நம்மில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். கிடைக்கிறது என்றே கொள்வோம். தாராவியில் ரூ.1,300க்கு எது வாடகைக்குக் கிடைக்கும்? மாடிக்கு ஏறும் இரும்பு ஏணிகூடக் கிடைக்காது.

வாடகை ரூ.9,000 என்று வைப்போம். (இதற்குக் குறைவாகக் கொடுத்துத் தண்ணீர் வசதியோடு இருப்பவர்களை வாழ்த்துகிறோம்.) சட்டம் தரும் 1,300 போக 7,700 துண்டு விழுகிறது. கல்விக்கும் மருத்துவத்துக்கும் என்று நீதிமன்றம் ஒதுக்கச் சொன்ன 25 விழுக்காடு முழுவதும், அதாவது ரூ.6,500, அப்படியே வீட்டுக்காரர் கைக்குப் போய்விடுகிறது. மீதி 1,200 தட்டிலிருந்து போகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கடன். பள்ளி திறந்தால் கடன். இதில் சிக்கனம் எங்கே வந்தது, ஊதாரித்தனம் எங்கே வந்தது? கடனுக்கு மேல் கடன் வாங்க முடியாத மாதத்தில்தான் மனைவியும் பிள்ளைகளும் வண்டியேற்றப்படுகிறார்கள். அரசின் கணக்கில் விழும் துண்டை நம் குடும்பங்கள் பிரிந்து கட்டுகின்றன.

வாடகை மட்டுமா? கையில் சாவி வருமுன்பே டெபாசிட் வேண்டும். தரகருக்கு ஒரு மாத வாடகை வேண்டும். மொத்தமாகப் பெருந்தொகை கட்டி வாடகையில்லாமல் இருக்கும் 'ஹெவி டெபாசிட்' முறையும் உண்டு. அதற்காக ஊரில் நகையை அடகு வைத்தவர்களை அறிவோம். பதினோரு மாதம் முடிந்தால் தரகருக்கு மறுபடியும் கூலி. வீடு மாறினால் ஆதார் முகவரி, ரேசன் கடை, பிள்ளையின் பள்ளி, மனைவி வேலை பார்க்கும் நாலு வீடு எல்லாமே மாற வேண்டும். அந்த நாலு வீட்டைப் பிடிக்க அவர் ஓராண்டு அலைந்திருப்பார். வாடகைக் கணக்கில் இந்த இழப்பு எவர் கண்ணிலும் படுவதில்லை.

1947ஆம் ஆண்டுப் பம்பாய் வாடகைச் சட்டம் வாடகையை உறைய வைத்தது. பழைய சால்களில் பகடி கொடுத்துக் குடியேறிய தலைமுறை அதனால் தப்பியது. அதன் இடத்தில் வந்த 1999ஆம் ஆண்டு மகாராட்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், லீவ் லைசென்ஸ் முறையில் இருப்பவர் தவணை முடிந்ததும் வெளியேறியாக வேண்டும். ஆனால் அதே சட்டத்தின் 55ஆவது பிரிவை நம்மவர் பலர் அறியார். ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்ய வேண்டியது வீட்டுக்காரரின் பொறுப்பு. எழுத்து ஒப்பந்தம் பதிவாகாமல் தகராறு வந்தால், வேறுவிதமாக மெய்ப்பிக்கப்படும்வரை குடியிருப்பவர் சொல்வதே செல்லும். டெபாசிட்டைத் திருப்பித் தராமல் இழுத்தடிக்கும் இடத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இடமில்லை, அதனால் வாடகை ஏறுகிறது என்பார்கள். இந்நகரில் இடம் இருந்தது. 1982 சனவரி 18 அன்று தொடங்கிய பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பின் மூடப்பட்ட பஞ்சாலைகளின் நிலம் இருந்தது. அதில் மூன்றிலொரு பங்கு பொது வீட்டு வசதிக்கு என்று 1991 விதி சொன்னது. 2001இல் விதியைத் திருத்தி, கட்டடம் இல்லாத வெற்று நிலத்தில் மட்டும் பங்கு என்றார்கள். 2006இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. மீதிக் கதையை லோயர் பரேலில் கண்ணாடிக் கோபுரங்களாகக் காணலாம்.

எனவே நம்மவர் நாலாசோபாராவுக்கும் பத்லாபூருக்கும் போகிறார்கள். வாடகை குறைகிறது, ஒரு நாளில் மூன்று மணி நேரம் லோக்கல் வண்டியில் போகிறது. தந்தை வரும்போது பிள்ளை தூங்கிவிடுகிறது. மாநகராட்சி எல்லையைத் தாண்டியதும் மும்பை மாநகராட்சி நடத்தும் தமிழ்வழி வகுப்பும் போய்விடுகிறது. 2019இல் ஐந்து ரூபாயாகக் குறைக்கப்பட்ட பெஸ்ட் பேருந்தின் குறைந்த கட்டணத்தை 2025 மே மாதத்தில் பத்தாக்கியபோது, ஐந்து ரூபாய்தானே என்றவர்கள் உண்டு. வேலைக்குப் போகும் கணவனும் மனைவியும் போய்வர நாளொன்றுக்கு இருபது ரூபாய் கூடுதல். மாதம் 26 நாளுக்கு ரூ.520. ஒரு பிள்ளையின் பால் காசு அது.

உணவுப் பங்கீட்டில் நம் நிலை இன்னும் விசித்திரம். 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை நடைமுறைப்படுத்துகையில் மகாராட்டிர அரசு நகரக் குடும்பத்துக்கு வைத்த ஆண்டு வருமான வரம்பு ரூ.59,000. மாதத்துக்கு ஐந்தாயிரம்கூட இல்லை! அதற்குமேல் சம்பாதிப்பவர் மும்பையில் வசதியானவராம். 'ஒரே நாடு ஒரே ரேசன்' வந்த பிறகு ஊர் அட்டையைக் காட்டி இங்கே தானியம் வாங்கலாம் என்கிறார்கள். முன்னுரிமை அட்டையாக இருந்தால் மத்திய அரசின் தலைக்கு ஐந்து கிலோ கிடைக்கும். ஊரில் முப்பது ரூபாய்க்குத் தரும் துவரம் பருப்பும் 25 ரூபாய்க்குத் தரும் பாமாயிலும் எல்லை தாண்டுவதில்லை. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய்க்கு அங்கே குடும்ப அட்டை வேண்டும். இங்கே 2024இல் தொடங்கிய லாட்கி பகின் திட்டத்தின் 1,500 ரூபாய்க்கு இம்மாநிலத்தவர் என்ற சான்றோ, பதினைந்தாண்டுப் பழைய ரேசன் அட்டையோ, வாக்காளர் அட்டையோ கேட்டார்கள். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை வீடு மாறும் பெண் பதினைந்தாண்டுக்கு எங்கே போவாள்? இரு மாநிலங்களுக்கும் உழைத்துக் கொடுத்துவிட்டு இரண்டின் கணக்கிலும் இல்லாதவளாக நிற்கிறாள்.

இந்த வேளையில்தான் தாராவி மறுசீரமைப்பு நம் வாசலில் நிற்கிறது. அதானி குழுமத்துக்கு 80 விழுக்காடு, மாநில அரசுக்கு 20 விழுக்காடு பங்குள்ள நிறுவனம் அதை நடத்துகிறது. 2000 சனவரி 1க்கு முன்பிருந்து கீழ்த்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதன் பிறகு 2011 சனவரி 1 வரை வந்தவருக்கு இரண்டரை லட்சம் ரூபாய்க்கு 300 சதுர அடி, தாராவிக்கு வெளியே. மாடியில் இருப்பவருக்கும் 2022 நவம்பர் 15 வரை வந்தவருக்கும் வெளியே வாடகைக் குடியிருப்பு, தவணையில் சொந்தமாக்கிக்கொள்ளலாம்.

கீழ்த்தளக்காரருக்கு வீடு கிடைப்பதை நாம் வரவேற்கிறோம். ஆனால் ஏணியேறிப் போகும் அந்த மாடி அறைகளில்தான் இத்தலையங்கம் பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. கீழே பட்டறை, மேலே குடித்தனம். அப்படித்தான் தாராவி குறைந்த கூலியில் குடும்பம் நடத்த வழி செய்தது. பட்டறை ஒரு பக்கமும் குடித்தனம் முப்பது கிலோமீட்டருக்கு அப்பாலும் போனால் வாடகை எவ்வளவு குறைந்தாலும் என்ன பயன்? வேலைக்குப் பக்கத்தில் இருப்பதும் கூலியில் ஒரு பங்குதான்.

நாம் கேட்பவை அதிகமில்லை. மத்திய அரசும் மாநில அரசும் கூலி விதி எழுதும் இடத்தில் அந்தப் பத்து விழுக்காடு வரியை அடித்துவிட்டு, அந்தந்த நகரில் நான்கு பேர் வாழும் அறைக்குள்ள மெய்யான வாடகையை எழுதட்டும். மாடியில் குடியிருப்போருக்கான வாடகை வீடுகளைத் தாராவியிலேயே கட்டட்டும். 59,000 என்ற வரம்பு நகர வாழ்வைக் கண்டு வைத்த வரம்பன்று, அது உயரட்டும்.

வெறும் தீர்மானத்தால் இவை நடக்கா. தொழிலாளர் துறையின் முன் வைக்கக் கணக்கு வேண்டும். ஆகவே உறுப்பினர்களும் உறுப்பினரல்லாத தமிழ்க் குடும்பங்களும் தங்கள் வாடகை ஒப்பந்தத்தின் நகலைச் சங்க அலுவலகத்தில் தர வேண்டுகிறோம். ஒப்பந்தமே இல்லாதவர்கள் வெள்ளைத்தாளில் எழுதித் தரலாம். பெயர் போட வேண்டியதில்லை. வாடகை, டெபாசிட், அறையின் நீள அகலம், குடும்பத்தில் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் இப்போது ஊரில் இருக்கிறார்கள் என்பவை இருந்தால் போதும். ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிமுதல் நம் தோழர்கள் இருப்பார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு அவர்களே எழுதிக் கொடுப்பார்கள்.