ஜனவரி 3-உம் ஜனவரி 1-உம்

ஜனவரி 3 வந்தால் எங்கள் திண்டுக்கல் சுவர்களில் வேலு நாச்சியார் வந்துவிடுவார். பக்கத்திலேயே வீரபாண்டிய கட்டபொம்மன். அவர் பிறந்தது 1730, இவர் 1760, நாள் ஒன்றுதான். அதே நாளில் 1831-இல் பிறந்த சாவித்திரிபாய் பூலே நம் தோழர்களின் கைப்பேசிகளில் வருகிறார். அதே நாளில் 1903-இல் பிறந்த ஜெய்பால் சிங் முண்டாவை எங்கள் ஊரில் ஒரு சுவரொட்டியிலும் நான் பார்த்ததில்லை.

வேலு நாச்சியார் எங்களுக்கு அந்நியர் அல்ல. 1772-இல் காளையார்கோவிலில் கணவரைக் கொன்றவர்களிடமிருந்து தப்பி, கோபால நாயக்கரின் விருப்பாச்சியில் தங்கினார். (மலைவாழை என்றால் விருப்பாச்சி என்பார்கள். சிறுமலைக்காரர்கள் நாங்கள் ஒத்துக்கொள்வதில்லை.) ஹைதர் அலியின் உதவியோடு 1780-இல் சிவகங்கையை மீட்டார். மதம் தாண்டி, சாதி தாண்டிக் கூடிய அந்தப் படையின் தலைவியை இன்று ஒரு சாதியின் மேடையில் நிறுத்திவிட்டார்கள். அந்தப் போரில் தன்னையே தீயாக்கிக்கொண்டதாக மக்கள் சொல்லும் குயிலிக்கோ சுவரொட்டி ஒட்ட ஒரு தேதிகூட இல்லை. அரண்மனையில் பிறந்தால் எழுதி வைக்க ஆள் இருப்பார்கள். சேரியில் பிறந்தால் யார் எழுதுவது?

ஜெய்பால் சிங்கைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஹாக்கி அணியின் தலைவர். அரசியல் நிர்ணய சபையில் ஆதிவாசிகளின் குரல். ஜனநாயகத்தை ஆதிவாசிகளுக்கு நீங்கள் கற்றுத்தர முடியாது, அவர்களிடமிருந்து நீங்கள்தான் கற்க வேண்டும் என்று 1946 டிசம்பரில் அந்தச் சபையிலேயே சொன்னவர்.

இந்த நால்வரும் ஒரே நாளில் பிறந்தது தற்செயல். ஊரே ஒரே நாளில் பிறப்பது தற்செயல் அல்ல. ஹரித்துவார் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் ஆதாரில் ஜனவரி 1 என்றே பிறந்த தேதி இருந்தது 2017-இல் செய்தியானது. சிரிப்புச் செய்தியாகத்தான் போட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அப்பாயிக்கும் ஆதாரில் ஜனவரி 1தான். பஞ்சத்துக்கு அடுத்த வருசம், சோளம் அறுக்கையில் பிறந்தேன் என்பார்; அதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. பள்ளிக்கூடம் போனவர்களுக்கு வாத்தியார், தலையைச் சுற்றிக் கைபோட்டுக் காதைத் தொடச்சொல்லி, மே மாதமோ ஜூன் மாதமோ ஒரு தேதியை எழுதிக்கொடுத்தார்.

இது பழங்கதை என்று விட முடியாது. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 2023 திருத்தப்படி, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஆதார், அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். மருத்துவமனையில் பிறந்தால் பதிவு தானாக நடந்துவிடும். சிறுமலையில் பளியர் வீட்டில் பிறக்கும் குழந்தைக்கு யாராவது கொண்டைஊசி வளைவுகளில் இறங்கி வந்து சொல்ல வேண்டும். அது ஒரு நாள் கூலி. ஓராண்டு கடந்துவிட்டால் மாஜிஸ்திரேட் அதிகாரம் உள்ள அலுவலரின் உத்தரவும் வேண்டும்.

வருகிற ஜனவரி 3-க்கு மேடையும் ஒலிபெருக்கியும் ஏற்பாடு செய்யும் தோழர்களே, அந்தச் செலவில் பாதியை எடுத்துவையுங்கள். ஜெய்பால் சிங் படத்தோடு சிறுமலைக்கு வண்டி ஏறுவோம். பதிவு விடுபட்ட குழந்தைகள் இருந்தால் வீடுவீடாகப் பட்டியல் எடுத்து, மறுநாளே கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுப்போம். மனு எழுத நான் வருகிறேன்.