விழிஞ்சத்துக்கு வேண்டிய வழி

கல்கத்தாவின் வித்யாசாகர் சேதுவைப் படத்தில் கண்ட நண்பர்கள் சிலர், நம் விழிஞ்சம் துறைமுகத்துக்கும் அப்படியொரு கேபிள் பாலம் வந்தால் திருவனந்தபுரத்துக்கு எத்தனை கம்பீரமாக இருக்கும் என்று ஆசைப்படுகிறார்கள். ஆசையில் குற்றமில்லை, ஆனால் அந்தப் பாலம் சௌந்தரியத்துக்காக அப்படிக் கட்டப்பட்டதன்று. கலங்கள் போய்வரும் ஹூக்ளி நதியின் நடுவே தூண் ஊன்றலாகாது என்கிற நிர்ப்பந்தத்தினாலேயே, இரு கரையோரமும் கோபுரங்களை எழுப்பி, அவற்றிலிருந்து விசிறிபோல 121 எஃகு வடங்களை இழுத்துக் கட்டி, 457 மீட்டர் தூரத்துக்கு ஒரு காலும் இல்லாமல் சாலையைத் தாங்க வைத்தார்கள். 1972-இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டிய பாலம் திறக்கப்பட்டது 1992-இல். அந்த இருபது வருஷங்களுக்குள் கல்கத்தாத் துறைமுக வர்த்தகத்தில் பெரும்பங்கு, நதியின் கீழ்ப்புறத்தில் உள்ள ஹால்டியாவுக்கு இறங்கிவிட்டதை நண்பர்கள் ஏனோ சொல்வதில்லை.

விழிஞ்சத்தில் கடக்க வேண்டிய நதி ஏது? சர்வதேசக் கப்பல் மார்க்கம் ஏறத்தாழ 10 கடல் மைலில். ஆழமோ, தோண்டாமலே சுமார் 20 மீட்டர். கடற்புறத்தில் இயற்கை இவ்வளவு தாராளமாக அருளியிருக்க, தரித்திரமெல்லாம் கரைப்புறத்தில்தான்: மேடும் பள்ளமும், ஒன்றையொன்று ஒட்டிய வீடுகளும், குறுகிய தெருக்களும். ஆகையால்தான் பாலராமபுரம் வரையிலான 10.7 கிலோமீட்டர் ரயில் பாதையில் 9 கிலோமீட்டரைக் கொங்கண் ரயில்வே சுரங்கமாக வகுத்தது. படத்தில் விழாத வேலைதான். என் அபிப்பிராயத்தில் எந்தப் பாலத்தையும்விட விவேகமானது.

ஆனால் வகுப்பது வேறு, முடிப்பது வேறு. 2025 மே 2-ஆம் தேதி துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டபோது ரயிலும் வரவில்லை, நெடுஞ்சாலை இணைப்பும் பூர்த்தியாகவில்லை. கப்பலிலிருந்து கப்பலுக்கு மாறும் கண்டெய்னர்களுக்கு இவை அவசியமில்லை என்பதால், துறைமுகத்தின் கணக்கில் இந்தக் குறை தெரியாமலே போகக்கூடும். பாலராமபுரத்துக் கைத்தறி நெசவாளிக்கும் கொல்லத்து முந்திரி வியாபாரிக்கும் அந்தக் கணக்கினால் ஆகப்போவதென்ன? அவர்களுடைய சரக்கு கேட் வழியாக அல்லவா உள்ளே போகவேண்டும்!

தெருவில் நடந்துபோகிறவர்களுக்கும் இதில் பாத்தியதை உண்டு. 2024 மார்ச்சில் முக்கோலையில், துறைமுக வேலைக்குக் கல் ஏற்றிச் சென்ற டிப்பரிலிருந்து உருண்டு விழுந்த பாறை, ஸ்கூட்டரில் போன மாணவர் ஒருவரின் உயிரைக் கொண்டுபோயிற்று. கனரக வண்டிகளை ஊர்த்தெருவில் விட்டுவிட்டு வேகத்தடையும் போலீஸும் போட்டால் போதும் என்று நினைப்பது பரிகாரமாகாது. துறைமுக விஸ்தரிப்புக்கு 2028 என்று கெடு விதித்த அதிகாரிகள், நெடுஞ்சாலை இணைப்புக்கும் சுரங்கத்துக்கும் அதே கண்டிப்போடு கெடு விதித்து, வேலை எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பதை மாதந்தோறும் பத்திரிகைகளில் பிரசுரிக்கட்டும்.