பார்மசி படிக்கலாமா? அவுரி போடுற ஒருத்தனோட அபிப்பிராயம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள்ல இருந்து எங்க பக்கம் ஒரே பேச்சுதான். யார் பிள்ளை எங்க சேருது, எவ்வளவு கட்டுது. நீட்ல மார்க் வராத பிள்ளைகளுக்கு முதல்ல சொல்ற பேரு நர்சிங், அதுக்கு அடுத்தது பார்மசி. என் தங்கச்சி மகளும் இந்த வருஷம் அந்த வரிசையில நிக்கா. "மாமா, பார்மசி சேரட்டுமா, வேண்டாமா? அப்பாகிட்ட நீங்கதான் பேசணும்"னு சொல்லிட்டா. நாலு பேருகிட்ட விசாரிச்சேன். அதோட என் அபிப்பிராயத்தையும் சேர்த்து இங்க எழுதுறேன். பட்டணத்துல இருக்கிற உங்க வீட்லயும் இதே கேள்வி ஓடிக்கிட்டு இருக்கலாம்.

நான் படிச்சது பள்ளிக்கூடத்தோட சரி. ஆனா மருந்துக்கும் எனக்கும் சம்பந்தம் உண்டு. எங்க தூத்துக்குடி மாவட்டத்துச் செம்மண் காட்டுல அவுரி போடுறோம். புத்தகத்துல நிலாவாரைன்னு எழுதுவாங்க. மலச்சிக்கல் மாத்திரைக்குப் போற இலை அது. வெளிநாட்டு மருந்துப் புத்தகங்கள்ல இதுக்குப் பேரே 'டின்னவெல்லி சென்னா', அதாவது நம்ம திருநெல்வேலிச் சரக்கு. தண்ணி அதிகம் கேக்காது, ஆடு மாடு வாய் வைக்காது. இலையைப் பறிச்சு, பச்சை நிறம் போகாமக் காயவச்சு யாவாரிகிட்ட போட்டா, தூத்துக்குடி துறைமுகம் வழியா கப்பல் ஏறிரும். அதுல இருக்கிற செனோசைடைப் பிரிச்சு மாத்திரை ஆக்குறாங்க. நாம கிலோவுல விக்கிறது மில்லிகிராமுல திரும்பி வருது! நித்யகல்யாணியும் அப்படித்தான். சுடுகாட்டு மல்லின்னு சொல்லி வாசல்ல வைக்கவே யோசிப்பாங்க. அந்தச் செடியில இருந்துதான் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற வின்கிரிஸ்டின் எடுக்கிறாங்க. இலைக்கும் மாத்திரைக்கும் நடுவுல இருக்கிற படிப்புதான் பார்மசின்னு நான் புரிஞ்சு வச்சிருக்கேன்.

ஆனா ஊர்ல யாரும் அப்படி நினைக்கிறதில்ல. பார்மசின்னா மெடிக்கல் வைக்க ஒரு சர்டிபிகேட், அவ்வளவுதான். என் மாப்பிள்ளையும், அதான் தங்கச்சி வீட்டுக்காரரு, அதையேதான் சொல்லுதாரு. "ரெண்டு வருஷம் டி.பார்ம். படிக்கட்டும். சர்டிபிகேட்டை ஒரு கடைக்குக் கொடுத்தா மாசாமாசம் பணம் வரும். பிள்ளை வீட்ல இருக்கலாம்."

இங்கதான் எனக்குக் கோபம் வருது. 1948-ல வந்த பார்மசி சட்டப்படி, டாக்டர் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கிற ஆள் பதிவு பண்ணின மருந்தாளுநரா இருக்கணும். அதனாலதான் கடைச் சுவத்துல லைசென்ஸை மாட்டி வைக்காங்க. நிறைய கடையில சுவத்துல பேர் இருக்கும், ஆள் இருக்க மாட்டாரு. சர்டிபிகேட் வாடகைக்கு வந்திருக்கும், ஆள் வேற ஊர்ல வேற வேலை பாப்பாரு. பட்டணத்துல இருக்கிறவங்களும் உங்க தெருமுனைக் கடையில ஒருநாள் கேட்டுப் பாருங்க.

எங்க அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கு. டாக்டர் எழுதினது கிளிமிபிரைடு 1 மில்லிகிராம். கடைப் பையன் எடுத்துக் கொடுத்தது 2. பேரு ஒண்ணு, அட்டை நிறமும் கிட்டத்தட்ட ஒண்ணு. மூணாம் நாள் காலையில அம்மா வேர்த்துக் கொட்டி, வாய் குழறி உக்காந்துட்டாங்க. பக்கத்து வீட்டு மைனி சீனித் தண்ணி கரைச்சுக் கொடுத்ததுல தப்பிச்சது. கடையில போய்க் கேட்டா, பையன் முழிக்கான். அவன் சம்பளத்துக்கு நிக்கிற சின்னப் பையன், அவனைச் சொல்லி என்ன பண்ண? சுவத்துல பேர் இருந்த ஆளை நான் இன்னைக்கு வரைக்கும் பாத்ததில்ல. மாப்பிள்ளை சொன்ன அந்த 'மாசாமாசம் பணம்' இருக்கே, அது இந்தப் பணம்தான்.

அதனால என் மருமக கேட்டதுக்கு முதல் பதில், கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்னு வேலை பாக்கிறதா இருந்தா படி. சர்டிபிகேட்டை வாடகைக்கு விடத்தான்னா அந்த ரெண்டு வருஷத்துக்குத் தையல் பழகு, மரியாதையாவது மிஞ்சும்.

சரி, வருமானம்? அதையும் பேசணும்ல. தனியார் மெடிக்கல்ல புதுசா சேர்ற பிள்ளைக்கு எங்க பக்கம் மாசம் பதினஞ்சாயிரம் தாண்டுறது கஷ்டம், நான் விசாரிச்ச வரைக்கும். வாழைத்தார் சுமக்கிறவர் அதைவிடக் கூட வாங்குவாரு. அரசாங்க ஆஸ்பத்திரி மருந்தாளுநர்னா 35,400-ல ஆரம்பிக்குது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2022-ல 889 இடத்துக்கும், 2025-ல 425 இடத்துக்கும் ஆள் கூப்பிட்டாங்க. அதுக்கு டி.பார்ம். போதும். ஆனா வருஷா வருஷம் வர்ற அறிவிப்பு இல்ல அது. அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. எங்க கடற்கரைக்காரங்களுக்கு இது தெரியும். 1961-க்கு அப்புறம் தூத்துக்குடியில முத்துக்குளிப்பே நடக்கல. அடுத்த வருஷம் நடக்கும், அடுத்த வருஷம் நடக்கும்னு காத்திருந்தவங்க கதையை எங்க தாத்தா காலத்து ஆளுக நிறைய சொல்லுவாங்க.

சொந்தக் கடை வைக்கிறதுக்கு இப்ப ஒரு வழி இருக்கு. 2025 பிப்ரவரியில ஆயிரம் முதல்வர் மருந்தகம் திறந்தாங்க. பார்மசி படிச்சவங்க தொழில் முனைவோரா எடுத்து நடத்தினா அரசு மூணு லட்சம் கொடுக்குது, பாதி பணமா, பாதி மருந்தா. குறைஞ்ச விலை மருந்துங்கிறதால லாபமும் பாத்துத்தான் இருக்கும். ஆனா கடையில நிக்கிறது படிச்ச ஆளேங்கிறதுல எனக்குச் சந்தோஷம்.

பி.பார்ம். நாலு வருஷம். நான் அந்தப் பக்கம்தான் சாயுறேன். காரணம், கடை மட்டும் இல்ல, மருந்துக் கம்பெனியில தரம் பாக்கிற வேலையும் அதுல வரும். டிரக் இன்ஸ்பெக்டர் பரிட்சை எழுதணும்னாலும் டிகிரி வேணும். 2025-ல நடந்ததை நீங்களும் படிச்சிருப்பீங்க. நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல செஞ்ச இருமல் மருந்து, மத்தியப் பிரதேசத்துல சிந்த்வாரா பக்கம் சின்னப் பிள்ளைகளைக் கொன்னுருச்சு. இருபது பிள்ளைக்கு மேல. அதுல டைஎத்திலீன் கிளைக்கால்ங்கிற விஷம் 48.6 சதவீதம் இருந்ததா நம்ம அரசாங்க ஆய்வகமே சொல்லிச்சு. 0.1-ஐத் தாண்டக் கூடாத சாமான் அது. அந்த மருந்து பாட்டில்ல அடையிறதுக்கு முன்னாடி ஒரு பார்மசி படிச்ச ஆள் ஒழுங்கா சோதிச்சு, 'இது வெளிய போகக் கூடாது'ன்னு ஒரு கையெழுத்தை நிறுத்தியிருந்தா? அந்த ஒரு ஆளோட சம்பளம் எவ்வளவுன்னு யோசிச்சா தலை சுத்துது.

சேர்றதா இருந்தா ரெண்டு விஷயம் பாருங்க. பி.பார்முக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க்குதான். இயற்பியல், வேதியியலோட உயிரியலோ கணக்கோ இருந்தா போதும். சென்னை, மதுரை அரசு மருத்துவக் கல்லூரிகள்லயே பி.பார்ம். இருக்கு, கவுன்சிலிங்ல கிடைச்சா செலவு கம்மி. ரெண்டாவது, தனியார்ல சேர்ற கல்லூரிக்கு இந்திய பார்மசி கவுன்சில் அனுமதி இருக்கான்னு நீங்களே பாக்கணும். அனுமதி இல்லாத இடத்துல படிச்சா பதிவு பண்ண முடியாது, பதிவு இல்லாட்டி மருந்தாளுநரே கிடையாது. கல்லூரி அதிகமாப் போச்சுன்னு கவுன்சிலே 2019-ல புதுக் கல்லூரிக்கு அஞ்சு வருஷம் தடை போட்டுச்சு. 2022-ல சுப்ரீம் கோர்ட் அது செல்லாதுன்னுட்டு. ஆகக் கல்லூரி இன்னும் முளைக்கும், ஏஜெண்டுக வீடு தேடி வருவாங்க. எங்க ஊருக்கு ஒருத்தர் பைக்கில வந்துட்டாரு. "சார், கிளாசுக்கு வரவே வேண்டாம்"னாரு. அதையே பெரிய வசதி மாதிரி சொன்னாரு பாருங்க!

மாப்பிள்ளைகிட்ட ரெண்டு ராத்திரி பேசினேன். கடைசியில இப்படி ஒத்துக்கிட்டாரு. கவுன்சிலிங்ல பி.பார்ம். அரசு இடம் கிடைச்சா மதுரையோ சென்னையோ அனுப்புறது. கிடைக்காட்டி அனுமதி உள்ள கல்லூரியில டி.பார்ம்., அது முடிச்சதும் ஐநூறு மணி நேரப் பயிற்சியை ஆஸ்பத்திரியிலயே ஒழுங்கா முடிக்கிறது. பி.பார்ம். ரெண்டாம் வருஷத்துல போய்ச் சேர அதுக்கப்புறமும் வழி இருக்கு. எதுவானாலும் ரெண்டு ஏக்கர் காட்டை அடமானம் வைக்கிறதில்ல. சர்டிபிகேட்டை வாடகைக்கு விடுற பேச்சு மட்டும் அவரு வாயில இருந்து முழுசாப் போகல. "அதை அப்புறம் பாப்போம் மாமா"ங்காரு. பிள்ளைதான் குறுக்க புகுந்து, "என் பேரு சுவத்துல இருந்தா நானும் அங்க இருப்பேன்பா"ன்னா. அவரு பதில் சொல்லாம எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாரு.