எந்த மரமானாலும் மரந்தானா?



“எந்த மரமானாலும் மரந்தானே, ஐயா!” மரம் நடுவதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சபையில் சிலர் இவ்வாறு சொல்கிறார்கள். இதை நான் மறுக்கிறேன்.

நம் ஊருக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையையொட்டிய புத்துப்பட்டு ஐயனார் கோவிற்காட்டைப் பார்த்திருப்பீர்கள். காயாவும் வீரையும் எட்டியும் நெருங்கி நிற்கும் அந்தச் சோலை, சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காட்டில் எஞ்சிய ஒரு துண்டு. அங்கே விதையைப் பறவையும் வௌவாலும் சுமக்கின்றன. உதிர்ந்த இலை ஈரத்தைக் காக்கிறது. நிழலில் இளங்கன்று பிழைக்கிறது. வெட்டியோ, மேயவிட்டோ, வண்டி நிறுத்தியோ அந்நிழலைக் கலைத்தால், வெயிலை விரும்பும் உண்ணிச்செடியும் முட்புதரும் புகுந்துவிடும். பழைய குடிகளுக்கு முளைக்க இடமிராது. “வேற்றுச் சமயத்தார் காடு நமக்கெதற்கு?” என்போர், அதைப் படைத்தவர் யாரென்று சொல்லட்டும்.

1968இல் ஆரோவில் தொடங்கியபோது அது பெரும்பாலும் அரித்துப்போன செம்மண் மேடு. விரைந்து வளரும் ஆஸ்திரேலிய அக்கேசியாவை நட்டு நிழல் உண்டாக்கினார்கள்; அது தவறன்று. ஆனால் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் வீசியபோது அவை ஏராளமாய்ச் சாய்ந்தன. அந்நிழலிலே நாட்டு மரங்களையும் வளர்த்திருந்தார்கள், காடு தொடர்ந்தது.

ஆதியாகமம் 2:15 மனிதனுக்கு இரண்டு வேலைகளைக் கொடுக்கிறது: பண்படுத்துதல், காத்தல். நாமோ முதலாவதைப் பாதி செய்து, கன்றோடு படமெடுத்துக்கொண்டு, இரண்டாவதை ஆடுகளிடம் ஒப்படைத்துவிடுகிறோம்!

ஆலய வளாகத்துக்குக் கன்று வாங்கப் போகும் வாலிபர்களே, குல்மொகரை விட்டு வீரையும் காயாவும் கேளுங்கள். இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றப்போவது யார் யாரென்று முன்னமே பெயரெழுதிக் கொண்டுவாருங்கள்.