பாடத் தெரிந்தால் போதுமா?



கிணத்துக்கடவுக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில், அண்மையில் ஒரு மாலைப் பொழுதில் வள்ளி கும்மிப் பயிற்சி நடந்ததைக் கண்டோம். தென்னந்தோப்பை ஒட்டிய களத்தில் சிறுமியரும் தாய்மாரும் பாட்டிமாரும் வட்டமிட்டு நின்றனர். ஆசிரியர் ஓரடி பாட, அனைவரும் அதனை வாங்கிப் பாடிக் கைகொட்டி அடிபெயர்த்தனர். பாலைக்காட்டுக் கணவாயினின்று வீசும் காற்றும், தொலைவில் தெரிந்த பொன்மலை முருகன் கோயில் விளக்கும், அக்கும்மியின் தாளமும் ஒன்றாய்க் கலந்து நெஞ்சை நிறைத்தன. மரபு மாயவில்லை என்று மகிழ்ந்தோம்.

அம்மகிழ்ச்சி அரை நாழிகையே நின்றது. இடைவேளையில் ஒரு சிறுமி தன் கைப்பேசியில் பாட்டைப் பார்த்து நெட்டுருச் செய்துகொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தோம். வள்ளியின் தினைப்புனப் பாட்டு முழுவதும் ஆங்கில எழுத்துகளில் இருந்தது! “தமிழில் எழுதி வைத்துக்கொள்ளலாமே, அம்மணி?” என்றோம். அச்சிறுமி சற்றும் கூச்சமின்றிச் சொன்னாள்: “பாடத் தெரியுமுங்க, படிக்கத்தானுங்க தெரியாது.”

அச்சிறுமியை நாம் குறைகூறவில்லை. அவள் உண்மையைச் சொன்னாள். நம்மில் பலர் சொல்லத் துணியாத உண்மை அது. அவ்வொரு விடையே இத்திங்கள் நம்மை இவ்வாசிரியவுரை எழுதவைத்தது.

கொங்குநாட்டில் கும்மி மீண்டும் தழைத்திருப்பது பெருமைக்குரிய செய்தி என்பதில் நமக்கு ஐயமில்லை. ஒருகாலத்தில் ஆடவரே ஆடிவந்த இவ்வாட்டத்தைப் பெண்களுக்கும் பயிற்றி, ஊர்தோறும் பரப்பிய கோவைப் பகுதிக் கலைஞர் பத்திரப்பனார்க்கு, 2024ஆம் ஆண்டில், அவர்தம் எண்பத்தேழாம் அகவையில், நடுவணரசு ‘தாமரைத்திரு’ விருது வழங்கியது. பெருஞ்சலங்கையாட்டமும் இன்று இளைஞர் கால்களில் ஒலிக்கின்றது. இவற்றையெல்லாம் வளர்த்தவர்களை வணங்குகின்றோம். ஆயினும், ஆட்டம் நிலைத்து மொழி நழுவினால் இறுதியில் எஞ்சுவது என்ன? இவ்வினாவுக்கு விடை காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டும். ஓர் இனம் இருநூறு ஆண்டுகளாக இவ்வாய்வைத் தன் வாழ்விலேயே நடத்திக் காட்டியுள்ளது. அவ்வினம் அமெரிக்காவில் குடியேறிய நார்வே மக்கள்.

1825ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள், நார்வேயின் இசுடாவாங்கர் துறையினின்று ‘இரெசுட்டோரேசன்’ என்னும் சிறு பாய்மரக் கப்பல் 52 பேரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. வழியில் ஒரு குழந்தை பிறந்தது. அக்கப்பல் அக்குத்தோபர் 9ஆம் நாள் நியூயார்க்கை அடைந்தது. அதனைத் தொடர்ந்த நூறாண்டுகளில் எட்டு இலக்கம் பேர் அந்நாட்டைவிட்டு அமெரிக்கா சென்றனர். மக்கள்தொகையோடு ஒப்பிட்டால், ஐரோப்பாவில் அயர்லாந்துக்கு அடுத்தபடி மிகுதியான மக்களை அமெரிக்காவுக்கு இழந்த நாடு நார்வேயே. மலையும் பாறையும் மிகுந்து, விளைநிலம் குறைந்த நாடு அது. வறுமையே அவர்களைக் கடல்கடத்திற்று.

சென்றவர்கள் மினசோட்டா, அயோவா, விசுகான்சின், தக்கோட்டா ஆகிய பகுதிகளில் உழவராய்க் குடியேறினர், ஊர்தோறும் தம் மொழியில் வழிபாட்டு மன்றம் கண்டனர், பள்ளி கண்டனர், நூற்றுக்கணக்கில் செய்தித்தாள்கள் நடத்தினர். 1895இல் மின்னியாபொலிசு நகரில் 18 பேர் கூடி ‘நார்வேயின் மைந்தர்கள்’ எனப் பொருள்படும் பெயரில் ஒரு கழகம் தொடங்கினர். அது விழாக் கொண்டாடத் தொடங்கிய கழகமன்று. அயல்மண்ணில் நோயுற்றால் பார்ப்பாரில்லை, இறந்தால் புதைக்கப் பணமில்லை என்னும் நிலையில், ஒருவர்க்கொருவர் சிறுதொகை ஈந்து காத்துக்கொள்ள எழுந்த கழகம் அது. பின்னர் அமெரிக்காவெங்கும் கிளை பரப்பி இன்றும் இயங்கிவருகின்றது.

அக்கழகத்தின் ஊர்க்கிளை ஒன்றின் வாழ்வைக் கண்டால் நம் கொங்குச் சிற்றூரைக் கண்டாற்போலவே இருக்கும். திங்கள்தோறும் கூடுகின்றனர். உருளைக்கிழங்கை மாவோடு பிசைந்து மெல்லிதாய்த் தேய்த்துத் தட்டைக்கல்லில் சுடும் ‘இலெப்சே’ என்னும் அடையைப் பாட்டியர் பேரப்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கின்றனர். குளிர்காலத்தில், உலர்ந்த மீனைக் காரநீரில் ஊறவைத்துச் சமைக்கும் விருந்துக்கு ஊரையே அழைக்கின்றனர். மரத்தட்டில் பூங்கொடி தீட்டுவதும், வெண்ணூலால் பின்னல் வேலை செய்வதும், அந்தந்த வட்டாரத்திற்குரிய ‘பூனாது’ என்னும் உடை தைப்பதும் பயிற்றப்படுகின்றன. மே 17ஆம் நாள், 1814இல் நார்வே தனக்கென அரசியற்சட்டம் வகுத்துக்கொண்ட நாள் என்பதால், கொடியேந்தி ஊர்வலம் செல்கின்றனர். நோயுற்ற உறுப்பினரைச் சென்று காண்கின்றனர். ஏழை மாணவர்க்குப் படிப்புத்தொகை ஈகின்றனர். இவையெல்லாம் பாராட்டத்தக்கன. இருநூறு ஆண்டுகளின் பின்னும் வேரைத் தேடும் உள்ளம் எளிதானதா?

ஆனால், தோழர்களே, அக்கூட்டங்கள் எம்மொழியில் நடக்கின்றன? ஆங்கிலத்தில்! இன்று அமெரிக்காவில் ஏறத்தாழ 40 இலக்கம் பேர் தம்மை நார்வே மரபினர் என்கின்றனர். அவர்களுள் வீட்டில் அம்மொழி பேசுவோர் மிக மிகச் சிலரே.

இவ்வீழ்ச்சி ஒருநாளில் நேரவில்லை. முதல் உலகப்போரின்போது, 1918இல், அயோவாவின் ஆளுநர் ஆர்டிங் ஓர் ஆணை பிறப்பித்தார். பள்ளியிலும் வழிபாட்டிலும் பொதுவிடத்திலும் தொடர்வண்டியிலும், ஏன், தொலைப்பேசியிலுங்கூட ஆங்கிலமே பேசவேண்டும் என்றது அவ்வாணை. போர் முடிந்ததும் அவ்வாணை நீங்கியது; அச்சம் நீங்கவில்லை. பெற்றோர் தம் மொழியைப் பிள்ளைகளிடம் பேசத் தயங்கினர். பிள்ளைகள் அதனைப் பட்டிக்காட்டு மொழி என நாணினர். 1946இல் அம்மக்களின் பெரிய சமய அமைப்பே தன் பெயரிலிருந்து ‘நார்வே’ என்னும் சொல்லை நீக்கிக்கொண்டது. 1874இல் தொடங்கிப் பல்லாயிரம் இல்லங்களில் படிக்கப்பட்ட ‘தெக்கோரா போசுத்தன்’ என்னும் செய்தித்தாள், படிப்பாரின்றி 1972இல் நின்றது. தாத்தா எழுதிய மடலைப் பேரன் படிக்க முடியவில்லை. அடை சுடத் தெரிகின்றது. அவ்வடையைப் பற்றிப் பாட்டி எழுதிவைத்த குறிப்பைப் படிக்கத் தெரியவில்லை! கிணத்துக்கடவுச் சிறுமியின் விடை நினைவுக்கு வருகின்றதா?

ஆணை அழித்ததைவிட நாணம் அழித்ததே மிகுதி. இழந்தபின் மீட்க அவர்கள் படும் பாட்டையும் காணுங்கள். 1963 முதல் மினசோட்டாவில் கோடைதோறும் காட்டிடையே ஒரு மொழிக்குடில் நடத்துகின்றனர். அங்கு வரும் பிள்ளைகளுக்கு நார்வேப் பெயர் சூட்டி, நார்வே மொழியிலேயே உண்ணவும் ஆடவும் பாடவும் வைத்துச் சொல்சொல்லாகக் கற்பிக்கின்றனர். தாய்மடியில் காசின்றிக் கிடைத்ததைத் தாளாப் பொருள் கொடுத்துப் பெறவேண்டியிருக்கின்றது.

“அது அயலான் கதை” என்று தள்ளிவிட வேண்டா. நம்மவர் கதையும் அதுவே. 1860இல் ‘துரூரோ’ என்னும் கப்பலில் சென்னையினின்று தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத்தோட்டக் கூலிகளாய்ச் சென்ற நம் மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் காவடி எடுக்கின்றனர், தீ மிதிக்கின்றனர், முருகனைப் பாடுகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர்க்குத் தமிழ் பேச வராது. மொரீசியசு நாட்டுப் பணத்தாளில் தமிழ் எழுத்து உள்ளது. 1998இல் அப்பணத்தாளில் தமிழின் வரிசை கீழிறக்கப்பட்டபோது அங்குள்ள தமிழர் கிளர்ந்தெழுந்தனர். அரசு அத்தாள்களைத் திரும்பப் பெற்றது. அவ்வளவு மானமுள்ள மக்களின் இல்லங்களிலும் பேச்சு கிரியோல் மொழியாகிவிட்டது. பணத்தாளில் இருக்கும் தமிழ் படுக்கையறைத் தாலாட்டில் இல்லை!

இனி, தாய்நாடாகிய நார்வேயைப் பாருங்கள். ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் தென்மார்க்கின் ஆட்சியில் இருந்ததால் அங்கு எழுத்துமொழி தேனிசு மொழியாயிற்று. உழவர் பேச்சு இழிவென எண்ணப்பட்டது. அந்நிலையில் ஈவர் ஓசன் என்னும் உழவர் மகன் 1842 முதல் நான்காண்டுகள் நாடெங்கும் நடந்தார். மலைச்சிற்றூர்களில் மக்கள் பேசிய சொற்களைத் திரட்டினார். 1848இல் இலக்கணமும் 1850இல் 25,000 சொற்கொண்ட அகராதியும் வெளியிட்டார். 1885இல் நார்வே நாடாளுமன்றம் அம்மொழிக்கு ஒத்த உரிமை தந்தது. ‘நீநோர்சுக்’ என இன்று வழங்கும் அம்மொழியில் அந்நாட்டு மாணவருள் பத்தில் ஒருவர்க்குச் சற்று மிகுதியானோர் கல்வி பெறுகின்றனர்.

நமக்கோ புதிதாய் மொழி படைக்க வேண்டிய தேவையில்லை. ஈராயிரம் ஆண்டு இலக்கியமுடைய மொழி கையிலிருக்கின்றது. ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். கிணறும் கடவும் சேர்ந்த பெயர் அது. கடவு என்றால் வழி. கிணற்றுக்கடவு மக்கள் நாவில் கிணத்துக்கடவாயிற்று. இட்டேரி, பொடக்காலி, கட்டுத்தறி, தொண்டுப்பட்டி, அட்டாலி, ஒறம்பரை, நோம்பி, பண்ணையம் என்றெல்லாம் நம் பாட்டியர் வாயில் வழங்கும் சொற்கள் எத்துணை! கவலை ஓட்டிய காலத்துச் சாலும் தும்பியும் வடமும் மின்னெக்கி வந்ததும் மறைந்தன. சொற்களும் உடன் மறைகின்றன. ஆர். சண்முகசுந்தரம் 1942இல் ‘நாகம்மாள்’ புதினத்தில் இப்பேச்சை ஏட்டில் ஏற்றினார். பின்னாளில் பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொல்லகராதி ஒன்றைத் தொகுத்தார். ஊர்க்கு ஓர் ஓசன் வேண்டிய வேளையில், நாடு முழுமைக்கும் ஓரிருவரே முயல்வது போதுமா?

இன்னொன்றையும் கேளுங்கள். அந்நார்வே நாட்டிலேயே இன்று தமிழர் வாழ்கின்றனர். 1956இல் யாழ்ப்பாணத்து இளைஞர் அந்தோனி இராசேந்திரம் அங்குச் சென்றார். 1983க்குப் பின் சிங்கள வெறியாட்டத்தால் ஈழத்தினின்று துரத்தப்பட்டோர் பலர் அடைக்கலம் புகுந்து, வடமுனையின் கடுங்குளிரில் மீன்தொழிற்கூடங்களில் உழைத்தனர். அவர்கள் தலைநகர் ஓசுலோவில் அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடம் கண்டு, வார இறுதியில் தம் பிள்ளைகளுக்குத் தமிழை எழுதப் படிக்கக் கற்பிக்கின்றனர். பனி பெய்யும் நாளிலும் பிள்ளையை அழைத்துச் சென்று ‘அ’ எழுத வைக்கின்றாள் அங்குள்ள தமிழ்த்தாய். வெயில் காயும் கிணத்துக்கடவில், தெருவெல்லாம் தமிழ் ஒலிக்கும் மண்ணில், தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளை வளர்கின்றது! இதனினும் நாணத்தக்கது யாது?

“ஆங்கிலம் படித்தால்தானே பிழைப்பு?” என்பர் பெற்றோர். அவர்தம் கவலையை நாம் எள்ளவில்லை. கடன்பட்டுப் பள்ளிக்கட்டணம் செலுத்தும் உழவரின் வலியை அறிவோம். ஆயின் நார்வே நாட்டார் தம் பிள்ளைகளைத் தாய்மொழியிலேயே பயிற்றுகின்றனர். ஆங்கிலத்தை முதல் வகுப்பிலிருந்தே ஒரு பாடமாகக் கற்பிக்கின்றனர். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் பேசும் நாடுகளுள் தலைசிறந்த வரிசையில் அவர்கள் நிற்கின்றனர். தாய்மொழியை விட்டால்தான் ஆங்கிலம் வரும் என்பது பொய் என்பதற்கு அந்நாடே சான்று. தமிழகத்தில் 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. சட்டம் வகுப்பறை வரையே வரும். வீட்டு வாயிலைத் தாண்டி நாம்தாம் அழைத்துச் செல்ல வேண்டும்.

எனவே கொங்குநாட்டுக் கும்மி ஆசிரியர்களையும் ஊர்ப் பெரியோரையும் இளைஞர்களையும் நான்கு செயல்களுக்கு அழைக்கின்றோம்.

ஒன்று: கும்மிப் பயிற்சி தொடங்குமுன் கால்மணி நேரம் தமிழ் எழுத்துப் பயிற்சி நடக்கட்டும். அன்று பாடும் பாட்டையே பலகையில் எழுதிப் படிக்க வைக்கலாம்.

இரண்டு: தன் பாட்டுச்சுவடியைத் தன் கையால் தமிழில் எழுதிக்காட்டிய பிள்ளைக்கே அரங்கேற்றத்தில் முதல் வரிசை என ஆசிரியர் அறிவிக்கட்டும். இவ்வொரு நெறியே ஓராண்டில் ஓராயிரம் பிள்ளைகளைத் தமிழ் படிக்க வைக்கும்.

மூன்று: ஒவ்வோர் ஊரிலும் நான்கு இளைஞர் சேர்ந்து, எழுபது அகவை கடந்தாரிடம் சென்று, உழவு, கால்நடை, நீர், உணவு, உறவு பற்றிய நூறு சொற்களைத் திரட்டட்டும்.

நான்கு: திருமண அழைப்பும் கடைப்பலகையும் பிள்ளைப்பெயரும் தமிழில் அமையட்டும். நார்வே மரபினரின் கழகம்போல் நோயில் உதவுவதையும் படிப்புக்கு ஈவதையும் கும்மிக்குழுக்கள் மேற்கொள்ளட்டும். மக்களோடு வாழும் கலையே நெடிது நிற்கும்.

தமிழ்நெஞ்சர்களே! 2025இல் அந்த முதற்கப்பலின் மறுவடிவம் ஒன்று அதே துறையினின்று புறப்பட்டு, அதே அக்குத்தோபர் 9ஆம் நாளில் நியூயார்க்கை அடைந்தது. இருநூறாம் ஆண்டு விழா சிறப்புற நடந்தது. கப்பலை மீண்டும் கட்டிவிட்டனர். மொழியை அவ்வாறு மீண்டும் கட்ட முடியவில்லை. நமக்கு இன்னும் காலம் இருக்கின்றது. அடுத்த தைப்பூசத்திற்குள், “பாடவும் தெரியுமுங்க, படிக்கவும் தெரியுமுங்க” என்று அச்சிறுமி சொல்ல வேண்டும். அவள் அவ்வாறு சொல்லும் வரை நம் கும்மி பாதிக்கும்மியே.

எழுக! இம்மாலையே ஒரு பலகையும் சுண்ணக்கட்டியும் கொண்டு களத்திற்குச் செல்க!